புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதாகுமா?

கடல்மீன் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேளச்சேரி வாசகர்: எங்கள் வீட்டில் 300 லிட்டர் மரைன் டேங்க். ஒரு ஜோடி கிளவுன், ஒரு பவுடர் ப்ளூ டேங், இரண்டு டாம்சல். டேங் மீனின் உடம்பில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளிகள் வந்தன. கடைக்காரர், "நாலு நாள் பொறுங்க சார், தானா போயிடும்" என்றார். சொன்னபடியே ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. புள்ளிகள் போனது மீன் குணமானதால் அல்ல, ஒட்டுண்ணி வயிறு நிறைந்து இறங்கிப் போனதால்.

இதன் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். ஒற்றைச் செல் உயிரி. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப்புள்ளி அதுதான். தோலுக்குள் இருக்கும்வரை தண்ணீரில் போடும் மருந்து அதை எட்டாது. மூன்று முதல் ஏழு நாளில் முதிர்ந்து, பெரும்பாலும் இருட்டு வேளையில் மீனை விட்டு உதிர்கிறது. சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ பம்பின் மேலோ ஒட்டிக்கொண்டு கெட்டியான கூடு கட்டுகிறது. உள்ளே பிரிந்து பிரிந்து ஒன்று இருநூறு வரை ஆகிறது. அந்தக் கூட்டையும் மருந்து துளைப்பதில்லை. கூடு உடைந்து வெளிவரும் நுண்ணிய நீந்திகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். காப்பர் (தாமிர மருந்து) கொல்வது இந்தக் கட்டத்தில் மட்டும்தான். ஆகவே "மருந்து போட்டு மூன்று நாளாகியும் புள்ளி போகவில்லையே" என்பதும் தவறான கவலை, "போட்ட மறுநாளே போய்விட்டது" என்பதும் தவறான மகிழ்ச்சி.

உங்கள் தொட்டியில் இப்போது கூடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 3 முதல் 28 நாளுக்குள் உடையும். எல்லாம் ஒரே நாளில் உடைவதில்லை. பதிவான மிக நீண்ட காலம் 72 நாள். அடுத்த சுற்று முதல் சுற்றைவிடப் பெரிதாக வரும், செவுளில் இறங்கும். செவுளில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. புள்ளியே இல்லாத மீன் வேகமாக மூச்சு வாங்கி ஒரு காலையில் செத்துக் கிடப்பது அப்படித்தான்.

செய்ய வேண்டியது: எல்லா மீனையும் வெளியே எடுங்கள். புள்ளி வராத டாம்சலையும் சேர்த்துத்தான். பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் ஓடட்டும். இறால், நத்தை, கோரல் உள்ளேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணி அவற்றின் மேல் வாழாது. ஃபில்டர் பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க வாரம் இருமுறை ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். நடுவில் நோய்த்தொட்டியில் நனைந்த வலையோ கையோ கப்போ உள்ளே போனால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பலருக்கு எழுபதாம் நாளில் சறுக்குவது இங்கேதான். கடையில் மீனோடு இருந்த நத்தையை வாங்கி அப்படியே போட்டாலும் அதே கதை. அதன் ஓட்டில் கூடு ஒட்டியிருக்கலாம்.

மீன்களுக்குத் தனித் தொட்டி. வெறுங்கண்ணாடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ, மேலே மூடி. வேறெதுவும் வேண்டாம். டேங் மீன் இருப்பதால் மூன்றடிக்குக் குறையாமல் வையுங்கள். காப்பர் விடுவது இந்தத் தொட்டியில்தான், அளவு அடுத்த பதிலில்.

கொளத்தூர் வாசகர்: மீன் பயப்படாமல் இருக்கட்டும் என்று, 60×30×30 செ.மீ. குவாரன்டைன் டேங்கில் கொஞ்சம் கோரல் மணலும் ஒரு கல்லும் போட்டு, காப்பர் விட்டேன். மாலையில் 0.2 காட்டியது, காலையில் 0.05. மருந்து எங்கே போனது?

மணலுக்கும் கல்லுக்கும் போனது. கோரல் மணல், லைவ் ராக், சிப்பி எல்லாம் கால்சியம் கார்பனேட். காப்பரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் மேலும் மேலும் விட, அது குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் பிஹெச் இறங்கினால் பிடித்ததைத் திருப்பிக் கக்கும், அன்று மீன் சாகும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஃபில்டரில் கார்பன் (கரி) போட்டிருந்தால் அதுவும் காப்பரை உறிஞ்சும், எடுத்துவிடுங்கள்.

அளவைப் பார்ப்போம். 25 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் என்றால் உங்கள் தொட்டியில் 45 லிட்டர். சாதாரணக் காப்பர் சல்பேட்டுக்கு, அதாவது மயில்துத்தத்துக்கு, இலக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் காப்பர். உரக்கடை மயில்துத்தம் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பாரிமுனை ரசாயனக் கடைகளில் ஆய்வக தரத்தில் கேளுங்கள். அதில் 1 கிராமை 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால், ஒரு மில்லியில் சுமார் 1 மில்லிகிராம் காப்பர் இருக்கும். 45 லிட்டருக்கு 0.20 வர 9 மில்லி. அதையும் ஒரே நாளில் விடாமல், நாளைக்கு 3 மில்லியாக மூன்று நாளில் ஏற்றுங்கள். வெல்வெட் (இன்னும் வேகமாகக் கொல்லும் நோய், அண்ணா நகர் வாசகருக்கான பதிலில் வருகிறது) என்று தெரிந்தால் மட்டும் இவ்வளவு பொறுமை காட்ட முடியாது.

காலையும் மாலையும் டெஸ்ட் செய்ய வேண்டும். 0.15-க்குக் கீழே போன ஒரு நாள், ஒட்டுண்ணிக்குக் கிடைத்த விடுமுறை. 0.25-க்கு மேல் போனால் மீனின் செவுள் பாழாகும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிற்க வேண்டியிருப்பதால், வண்ண அட்டையோடு ஒப்பிடும் கிட்டைவிட டிஜிட்டல் செக்கர் நல்லது. டியூப்லைட்டு வெளிச்சத்தில் இளநீலமும் இன்னும் கொஞ்சம் இளநீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடையில் விற்கும் கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) காப்பர் வேறு கணக்கு. அது மெதுவாக வெளிப்படும் என்பதால் 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு) மேல் வைக்கச் சொல்வார்கள். போத்தலில் எழுதிய அளவே வேதம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பொருத்தினால், ஒரு பக்கம் மீன் சாகும், மறு பக்கம் ஒட்டுண்ணி பிழைக்கும். என்ன உப்பு, எவ்வளவு காப்பர் என்று லேபிளில் எழுதாத "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து" போத்தலை வாங்கவே வாங்காதீர்கள்.

தண்ணீர் மாற்றும்போது, புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்தபின் ஊற்றுங்கள். 10 லிட்டருக்கு 2 மில்லி. ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் மட்டும், காப்பர் ஆவியாவதில்லை. அமோனியா ஏறினால் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். அமோனியாவை அடக்கும் கண்டிஷனரைக் காப்பரோடு சேர்த்தால், காப்பர் மேலும் நச்சான வடிவத்துக்கு மாறும். இலக்கைத் தொட்ட நாளிலிருந்து 30 நாள் இப்படி ஓடட்டும். பஃபர், லயன்ஃபிஷ், மாண்டரின், திருக்கை, குட்டிச் சுறா போன்றவற்றுக்குக் காப்பர் ஒத்துக்கொள்ளாது. இறால், நத்தை, கோரல் ஆகியவற்றுக்கோ விஷம். அந்தத் தொட்டியையும் ஸ்பாஞ்சையும் பிறகு அவற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

விருகம்பாக்கம் வாசகர்: நன்னீர் டேங்கில் வெள்ளைப்புள்ளி வந்தபோது ஹீட்டரை 32 டிகிரிக்கு ஏற்றினேன், போய்விட்டது. மரைனிலும் செய்யலாமா?

வேண்டாம். அது வேறு பூச்சி, இது வேறு பூச்சி. பார்க்கத்தான் ஒன்றுபோல் இருக்கும். கடல் வெள்ளைப்புள்ளிக்கு 23 முதல் 30 டிகிரி வரை சொந்த ஊர். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், செவுள் அடிபட்ட மீனுக்கு அதுவே முடிவாகிவிடும்.

அண்ணா நகர் வாசகர்: புதிதாக வாங்கிய பட்டாம்பூச்சி மீன், மூன்றாம் நாள் வேவ்மேக்கர் முன்னால் போய் நின்றது, நகரவே இல்லை. வெளிச்சம் போட்டால் மூலைக்கு ஓடியது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் தோலில் மெல்லிய பொன்னிறப் பொடி. வெள்ளைப்புள்ளி என்று நினைத்து உப்பு அடர்த்தியைக் குறைத்தேன். இரண்டு நாளில் அதுவும் இன்னும் நான்கு மீன்களும் போய்விட்டன.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் வெல்வெட், அதாவது அமைலூடினியம் ஒசெல்லேட்டம். இது முதலில் செவுளில் உட்காரும். தோலில் பொடி தெரிவதற்குள் செவுள் நிறைந்திருக்கும். மீன் நீரோட்டத்தின் எதிரே போய் நிற்பது விளையாட்டுக்கு அல்ல. செவுளுக்குள் தண்ணீர் தானாகத் தள்ளப்பட வேண்டும் என்பதற்காக. ஒரு கூட்டிலிருந்து 256 நீந்திகள் வரை வெளிவரும். அதனால்தான் வெள்ளைப்புள்ளி வாரக்கணக்கில் கொல்லும் இடத்தில் இது நாள்கணக்கில் கொல்கிறது.

உப்பைக் குறைத்தது ஏன் பலிக்கவில்லை? ஒப்படர்த்தி 1.009 என்பது வெள்ளைப்புள்ளியின் பல வகைகளுக்கு மரணம். அமைலூடினியம் முகத்துவாரத் தண்ணீரிலும் வாழக்கூடியது, அந்த அளவை அது பொருட்படுத்தாது. எது என்று சந்தேகம் இருந்தால் வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு காப்பருக்குப் போங்கள். காப்பர் இரண்டுக்கும் பொது.

அடுத்த முறை இந்த அறிகுறி கண்டால், அன்றே ஐந்து நிமிட நன்னீர்க் குளியல் (முறை கீழே, தாம்பரம் வாசகருக்கான பதிலில்) கொடுத்து, நேராகக் காப்பர் தொட்டிக்கு மாற்றுங்கள். கீலேட் காப்பர் என்றால் ஓரிரு நாளிலேயே முழு அளவுக்கு ஏற்றிவிடலாம், அந்த வசதிக்காகவே வெல்வெட்டுக்கு அதைப் பலர் விரும்புகிறார்கள். ஏர் பம்ப் இரண்டு வையுங்கள், ஒன்று பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். மே மாதத்தில் ஒரு மணி நேரம் கரன்ட் போனால், இந்த நிலையில் இருக்கும் மீன் தாங்காது. பெரிய தொட்டி மீனின்றி ஆறு வாரம்.

இன்னொன்று: வெல்வெட்டின் நீந்திகள் குமிழி வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகளிலும் பயணம் செய்யும். ஓடும் காற்றில் மூன்று மீட்டர் வரை போனது சோதனையில் பதிவாகியிருக்கிறது. ஃபேன் சுற்றும் ஹாலில் நோய்த்தொட்டியையும் நல்ல தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை. வேறு அறை பாருங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: கிளவுன் மீன் மேல் வெள்ளையாகச் சளி திரண்டு, நூல்நூலாக உரிகிறது. தீனி எடுக்கவில்லை. காப்பர் போட்டு இரண்டு நாளாயிற்று, இன்னும் மோசமாகிறது.

இது புரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. காப்பருக்கு அடங்காது. இதற்குக் கூடு கட்டும் கட்டமே இல்லை. மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். எனவே வேகம் அதிகம். கடலில் பிடித்த கிளவுன் மீன்களில்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

மருந்து ஃபார்மலின், 37 சதவீதம். போத்தலின் அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள், அந்தப் படிவு மீனுக்குக் கடும் நஞ்சு. புத்தகங்களில் 250 பிபிஎம் வரை போட்டிருப்பார்கள். அது குளிர்ந்த தண்ணீருக்கு. 21 டிகிரிக்கு மேல் 167-ஐத் தாண்டக் கூடாது, சென்னை வீட்டுக்கு 150 போதும். அதாவது 10 லிட்டர் கடல்நீருக்கு 1.5 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, முதலில் தண்ணீரில் கலக்கி, ஏர் ஸ்டோனைப் பலமாகத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் மீன். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும், காற்று இல்லாத குளியல் கொலைக்குச் சமம். 30 முதல் 45 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். மீன் சாய்ந்தால் உடனே எடுங்கள். குளித்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பக் கூடாது, புதுத் தண்ணீர் நிரப்பிய காப்பர் இல்லாத தொட்டிக்குப் போக வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை என மூன்று குளியல்.

கையுறை அவசியம். பால்கனியிலோ மொட்டை மாடி நிழலிலோ செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

அடுத்து வாங்கும்போது பண்ணையில் பிறந்த கிளவுன் கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கிளவுன் மீன் இனப்பெருக்க முறைகளை உருவாக்கிப் பல ஆண்டுகளாகிவிட்டன. தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகள் விலையில் கொஞ்சம் கூடினாலும் இந்தத் தலைவலி குறைவு.

அம்பத்தூர் வாசகர்: பூண்டுச்சாறு, மஞ்சள்தூள், கிளீனர் இறால். இவற்றில் எது வெள்ளைப்புள்ளிக்கு நல்லது?

எதுவும் இல்லை. பூண்டு வாசனைக்கு மீன் தீனி எடுக்கும், அவ்வளவுதான். இறாலால் தோலுக்குள் இருப்பதைப் பிடுங்க முடியாது. மஞ்சள் குழம்புக்கு.

தாம்பரம் வாசகர்: மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. நன்னீரில் முக்கியபோது, வெள்ளரி விதையைவிடச் சிறிதாக வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன. உரசல் நின்றது, பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது.

உதிர்ந்தவை தோல் தட்டைப்புழுக்கள். நியோபெனடீனியா இனமாக இருக்கலாம். மீனின் மேல் கண்ணாடி போல நிறமற்று இருக்கும், நன்னீர் பட்டதும் வெளுத்து விழும். நோயறியும் வழியும் முதலுதவியும் ஒன்றாக அமைந்தது இந்த ஒரு நோயில்தான். திரும்பி வந்ததற்குக் காரணம் முட்டை. நூல் போன்ற வாலோடு வலையிலும் ஸ்பாஞ்சிலும் சிக்கிக்கொள்ளும். நன்னீரும் மருந்தும் முட்டையைக் கொல்லாது.

குளியலுக்கு ஆர்ஓ தண்ணீர். தொட்டியின் அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரின் பிஹெச் தாழ்ந்திருக்கும், ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு 8.2-க்கு ஏற்றுங்கள். பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. ஒரு மணி நேரம் காற்று ஓட்டிவிட்டு, ஐந்து நிமிடம் மீன். முதல் நிமிடம் துடிப்பது இயல்பு. அசையாமல் பக்கவாட்டில் படுத்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். 100 லிட்டருக்கு கால் கிராம். தண்ணீரில் லேசில் கரையாது, மேலே மிதந்தால் பயனில்லை. சிறு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டு நன்றாகக் குலுக்கி, பம்பின் முன்னால் ஊற்றுங்கள். ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கை எடுக்கும் கருவி), கார்பன், யுவி விளக்கு மூன்றையும் நிறுத்தி, காற்றைக் கூட்டுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் இரண்டாவது முறை; முட்டையிலிருந்து வந்தவை மறுபடி முட்டையிடுமுன் பிடிக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் வளர்ச்சி வேகம் என்பதால் ஐந்தாம் நாளே சரி. உங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருப்பதால் மூன்றாவது முறையும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் முன் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

பெரம்பூர் வாசகர்: மருந்தே இல்லாமல் வெள்ளைப்புள்ளியைத் தீர்க்க வழி உண்டா? என்னிடம் மாண்டரின் மீன் இருக்கிறது, காப்பர் பயமாக இருக்கிறது.

உண்டு, உடம்பு உழைப்பு கேட்கும். கூடு உடைய குறைந்தது மூன்று நாளாகும் என்பதைப் பயன்படுத்துவது. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு, ஏர் ஸ்டோன் இரண்டு, வலை இரண்டு. முதல் நாள் மீன் முதல் டப்பில். 4-ஆம் நாள் காலை, விளக்குப் போடுமுன், இரண்டாவது டப்புக்கு. பிறகு 7, 10, 13-ஆம் நாள்களில் அதேபோல். 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. உதிர்ந்தவை பழைய டப்பிலேயே நின்றுவிடும், குஞ்சு பொரிக்கும்போது மீன் அங்கே இருக்காது. ஒரு சொட்டுப் பழைய தண்ணீரும் கூட வரக் கூடாது. புதுத் தண்ணீரின் வெப்பமும் உப்பும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் பழைய டப், கல், குழாய் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் ஒரு முழு நாள் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது, அப்போது பிளீச் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஐந்து முறை நிரப்ப 200 லிட்டர். செயற்கை உப்பு என்றால் ஏழு கிலோவுக்கு மேல் ஆகும். இது வெள்ளைப்புள்ளிக்கு மட்டும். வெல்வெட்டுக்கு நம்பி இறங்காதீர்கள். மாண்டரின் உயிர்த்தீனிதான் தின்னும் என்பதால், இந்த நாள்களில் ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) பொரித்துக் கொடுத்தாக வேண்டும். நோயைவிடப் பட்டினியால் போகும் மாண்டரின்கள் நிறைய.

திருவான்மியூர் வாசகர்: கடற்கரையிலிருந்து தண்ணீர் எடுத்து நிரப்புகிறோம். அதில் ஒட்டுண்ணி வருமா?

வரலாம். ஆனால் கடையிலிருந்து மீனோடு வரும் பையிலுள்ள தண்ணீர் இதைவிடப் பல மடங்கு ஆபத்து. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

அடையாறு, கூவம் முகத்துவாரங்களின் பக்கம் எடுக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், ரெஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பார்க்காமல் ஊற்றாதீர்கள். அந்தக் கருவியையும் வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

கொண்டுவந்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி டிரம்மில் ஊற்றுங்கள். வாசனை சேர்க்காத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் 100 லிட்டருக்கு 20 மில்லி. இது 10 பிபிஎம் குளோரின். பழைய பிளீச் வீரியம் இழந்திருக்கும், புதுப் பாட்டில் வாங்குங்கள். மூடி, காற்று ஓட்டி, 24 மணி நேரம். பிறகு 7 கிராம் சோடியம் தயோசல்பேட்டைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் டெஸ்ட் செய்யுங்கள். மஞ்சள் துளியும் தெரிந்தால் இன்னும் ஒரு கிராம். நிறமே வராதபோதுதான் அது மீனுக்கான தண்ணீர்.